இரண்டரைக் கட்டை கீழே

மேஸ்திரி அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடக் கூடாதாம். பெண்டாட்டியின் உதடு கிழியலாம், காது ஜவ்வு கிழியலாம், கடிகாரம் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட பொறுப்பான மனிதர் பாருங்கள்! பதினொரு வருஷம் அந்தக் கடிகாரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். வாரை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்.

அந்தப் பெண்டாட்டிக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், சின்னவன் லாரி டயர் கழற்றி மாட்டும் கடையில் வேலை செய்பவன். பெரியவன் கிட்டார் வாசிப்பான், சின்னவன் டிரம்ஸ் அடிப்பான். இரண்டு பேரும் சேர்ந்து எழுப்புகிற சத்தத்தை இசையில் சேர்ப்பதா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் இன்னும் முடிவு பண்ணவில்லை. இந்தக் கதை பெரியவனைப் பற்றியது. அவன்மேல் எனக்குக் கோபம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவனைக் கெட்டவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா மேஸ்திரியின் மேசை நாற்காலிப் பட்டறையில்தான் மாடாக உழைத்தாள். மிச்சம் விழுகிற மரத்துண்டுகளை எடுத்து, பின்மூலையில் உட்கார்ந்து, எலெக்ட்ரிக் கிட்டார் செய்யத் தானாகவே கற்றுக்கொண்டாள். அவள் செய்த ஒன்றை எங்கேயோ கேட்டுவிட்டு ஒரு வாத்தியக் கம்பெனிக்காரர்கள் தேடி வந்தார்கள். சாதாரண கிட்டாரைவிட இரண்டரைக் கட்டை கீழே சுருதி வைத்து வாசிக்கிற மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். வெறுமனே கம்பியைத் தளர்த்தினால் சுருதி இறங்கத்தான் செய்யும். ஆனால் கம்பி துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொளதொளவென்று ஆடும், விரல் பட்டாலே சுருதி ஓடிப்போகும். அக்கா எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கம்பியைத் தடிமனாக்கினாள். கழுத்தை மூன்று விரற்கடை நீட்டினாள். தடித்த கம்பியின் இழுப்பைத் தாங்க, கழுத்துக்குள் இரண்டு எஃகுக் கம்பிகளைப் புதைத்தாள்.

அப்படிச் செய்த முதல் மாதிரியை உடைத்த புண்ணியவான் நம் பெரியவன்தான். வாசித்துப் பார்த்த சந்தோஷத்தில் அதை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். நீளக் கழுத்து, முன்பாரம் அதிகம். சரிந்து முகங்குப்புற விழுந்து தலைப்பகுதி பிளந்துகொண்டது. சத்தம் கேட்டு மேஸ்திரி உள்ளே வந்தார். மரத்தை வீணாக்கினாள் என்று கடிகாரத்தைக் கழற்றினார். தம்பி கண்ணெதிரிலேயே அக்காவுக்கு அடி. தடுக்கப் போனவனை அக்காவே கையைக் காட்டி நிறுத்தினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீங்கிய முகத்தோடு அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "வால்யூமக் கொற. ஆம்ப்ளிஃபயர அணை. வயரக் கழட்டு. பெட்டிக்குள்ள படுக்க வை. நாலு கொக்கியையும் மாட்டு. அதுக்கப்புறம்தான் நீ தண்ணி குடிக்கணும், மூச்சு விடணும், எல்லாம். புரியுதா?"

வேறு யாராவது என்றால் பத்து நாளில் மறந்திருப்பான். இவன் லிஃப்ட்காரன். லிஃப்ட் வேலையில் வரிசைதான் உயிர். மெயினை அணை, பூட்டுப் போடு, சாவியை உன் பையில் வை, பிறகு கையை உள்ளே விடு. வரிசை தப்பிய ஒருத்தனை, கூடவே டிபன் பகிர்ந்து சாப்பிட்டவனை, மூன்று தார்ப்பாய்களில் வெளியே எடுத்து வந்ததைப் பெரியவன் பார்த்திருக்கிறான். அதனால் அக்கா சொன்ன வரிசை அவன் எலும்பில் ஏறிவிட்டது. அந்த வேலையை இப்போது கைகள்தான் செய்தன, யோசித்துச் செய்வதில்லை.

இரண்டாவது மாதிரி தயாரானதும் பெயர்ச் சண்டை வந்தது. "மரம் என்னுது, பட்டறை என்னுது, பேரும் என் பேருதான்" என்றார் மேஸ்திரி. "வரைபடம் என்னுது" என்றாள் அக்கா. கடிகாரம் கழன்றது. பக்கத்துப் பட்டறைக்காரர் போன் பண்ண, தம்பிகள் இரண்டு பேரும் பறந்து வந்தார்கள். அக்கா மரத்தூளில் கிடந்தாள். ஒரு கண் திறக்கவில்லை.

சின்னவன் நேரே போய் ஒரு குத்து விட்டான். லாரிச் சக்கரத்தின் நட்டைத் திருகுகிற கை அது. மேஸ்திரியின் முன்பல் இரண்டும் தெறித்து ரம்பத்தின் மேல் விழுந்தன. இன்னொரு குத்தில் மூக்கு. கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தான். மூன்றாவது உதையில் ஏதோ முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. பெரியவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அக்கா தட்டுத்தடுமாறி எழுந்து கிட்டார் பெட்டியை அவன் கையில் திணித்தாள். "இதப் பிடிடா. கீழ வச்சிராத." பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அது சரியான காரியமாகவும் இருந்தது.

மேஸ்திரி ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார். "அத என் கையால ஒடைக்காம விட மாட்டேன்டா. குறுக்க எவன் வந்தாலும் அவனையும் சேத்து ஒடைப்பேன்."

"வா மாமா, வந்து ஒட. மிச்சப் பல்லையும் கொண்டுக்கிட்டு வா" என்றான் சின்னவன்.

தையல் கடைக்கு மேலே ஒரு அறை பார்த்து அக்காவை வைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்தக் கிட்டாரை மேடையில் நாற்பது மணி நேரம் வாசிக்க வேண்டும். பிறகு கொண்டுவந்து கொடுத்தால் கழுத்தை அளந்து பார்ப்பார்கள். மயிரிழை வளைந்திருந்தாலும், உடம்பில் கீறல் இருந்தாலும், மாதிரி தள்ளுபடி. தேறிவிட்டால் அக்காவுக்கு அவர்களுடைய வரைபடப் பிரிவில் வேலை. தேறாவிட்டால்? மேஸ்திரியின் வீட்டுப் படியைத் தவிர அவளுக்கு வேறு படி கிடையாது. தம்பிகளுடைய வருமானத்தில் மூன்று வயிறு நிறையாது என்று அவளே சொல்லிவிட்டாள். கெடு திங்கட்கிழமை காலை. முப்பத்தெட்டு மணி நேரம் முடிந்திருந்தது. மிச்சம் இரண்டு மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம், மூடிப்போன ஐஸ் ஃபாக்டரியில் வைத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது அக்கா பெட்டியைத் தடவிவிட்டு, "என் உசுரே இதுலதான்டா இருக்கு" என்றாள்.

"ஒரு கீறல் விழாது. விழுந்தா என்னை என்னன்னு கேளு" என்றான் பெரியவன். சின்னவன் படியிலிருந்து, "அய்யோ போதும்டா சாமி, நேரமாச்சு" என்று கத்தினான்.

ஐஸ் ஃபாக்டரியில் இருநூறு பேர் இருப்பார்கள். சாராயம் இல்லாமலே வெறி ஏறுகிற வயசு. இந்த மாதிரிக் கச்சேரிக்கு வருகிறவர்கள் சும்மா நின்று கேட்க மாட்டார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதிக்கொள்வார்கள், தள்ளிவிடுவார்கள், விழுந்தவனைத் தூக்கிவிட்டு மறுபடியும் தள்ளுவார்கள். மூக்கில் ரத்தம் வந்தால் சிரிப்பார்கள். மேடையில் இரண்டே பேர். கிட்டாரே அவ்வளவு கீழே இறங்கிப் பேசுவதால் தனியாக பாஸ் கிட்டார்க்காரன் தேவைப்படவில்லை.

பெரியவனின் முதல் வீச்சிலேயே கூரைத் தகரத்திலிருந்து துரு கொட்டியது. தடித்த கம்பியைச் செல்லமாகத் தடவினால் அது மதிக்காது. முழங்கையிலிருந்து அடிக்க வேண்டும். ஆனால் இடது கை மட்டும் கொஞ்சமும் அழுத்தக் கூடாது, அழுத்தினால் சுருதி ஏறிவிடும். ஒரு கையில் கொலைவெறி, இன்னொரு கையில் பச்சைப்பிள்ளையைப் பிடிக்கிற பதம். அது கைவர அவனுக்கு நாலு மாதம் ஆனது. ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தால் சேறாகக் குழம்பும் என்பதால் அடிக்கம்பிகள் இரண்டை மட்டும் அடித்தான். அந்தச் சத்தம் காதுக்குப் போவதற்கு முன்னால் வயிற்றுக்குள் போனது. முன்வரிசையில் ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சின்னவன் பின்னாலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு உறுமல் போட்டான். குச்சி இரண்டு உடைந்தது. எடுத்து எறிந்துவிட்டு வேறு எடுத்தான். அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து டிரம் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெறித்திருந்தன.

அடிக்க அடிக்கப் பெரியவனுக்கு மேஸ்திரியின் முகம் தெரிந்தது. ஒவ்வொரு வீச்சையும் அந்த முகத்தின் மேல்தான் இறக்கினான். பட்டறையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கெல்லாம் இங்கே பழி வாங்கினான். சத்தத்தில் கொல்வது எவ்வளவு சுலபம்! யாருக்கும் வலிக்காது.

கடைசிப் பாட்டு. நாற்பது மணி நேரம் முடிந்து நாலு நிமிஷம் ஆகியிருந்தது. அப்போதுதான் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஆள், தன்மேல் மோதுகிறவர்களை ஒற்றைக் கையால் விலக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தான். அந்த ஆள் மேடைப் படியருகே நின்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி, சட்டைப்பையில் போட்டார்.

இடுப்பிலிருந்து சுத்தியலை உருவிக்கொண்டு மேஸ்திரி மேடை ஏறினார். ஆணி அடிக்கிற கனத்த இரும்புச் சுத்தியல். கூட்டம் ஆரவாரம் பண்ணியது. அது கச்சேரியில் ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார்கள், முட்டாள் ஜனங்கள். மேஸ்திரி பார்த்தது கிட்டாரைத்தான். இரண்டு எட்டு வைத்தால் கைக்கு எட்டிவிடும்.

சின்னவன் டிரம்மைத் தாண்டிக் குதித்தான். இருவருக்கும் நடுவே வந்து நின்று மேஸ்திரியின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். மேஸ்திரி சுத்தியலை அவன் முழங்காலில் இறக்கினார். சில்லு நொறுங்கியது. சின்னவன் டிரம்மின் மேலேயே விழுந்தான், தாளத்தட்டு அவன் நெற்றியைக் கிழித்தது.

"அண்ணே!" என்று கத்தினான்.

இனிமேல் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பெரியவன் அந்தக் குரலைக் கேட்டான். 'ஓடு, ஓடிப்போய் அவரைப் பிடி' என்று அவனுக்குள் யாரோ அலறினார்கள். ஓடலாம்தான், அதற்குக் கை காலியாக வேண்டுமே. கிட்டாரைக் கீழே வைக்க வேண்டும். கீழே வைப்பதற்கு அவன் கைகளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்.

வால்யூமைக் குறைத்தான்.

திரும்பி ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். ஃபாக்டரியே செத்தது மாதிரி அடங்கியது. அந்த அமைதியில் கூட்டம் முதல்தடவையாகச் சின்னவனின் அலறலைக் கேட்டது.

வயரைக் கழற்றினான். மேஸ்திரி சின்னவனின் வலது மணிக்கட்டைச் செருப்புக் காலால் மிதித்து மேடைப் பலகையோடு அழுத்தினார். "இந்தக் கைதானடா? இந்தக் கைதான?" சுத்தியல் இறங்கியது. பெரியவன் தோள்வாரைத் தலைக்கு மேலே எடுத்து, கிட்டாரைப் பெட்டிக்குள் படுக்க வைத்தான். கழுத்து குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தான். மூடியைச் சாத்தினான். முதல் கொக்கி. சுத்தியல் இறங்கியது. இரண்டாவது கொக்கி. "அண்ணே, அண்ணே" என்று சின்னவன் கெஞ்சினான். மூன்றாவது. சுத்தியல் இறங்கிய சத்தம் மாறியிருந்தது, எலும்பில் இல்லாமல் நேரே பலகையில் பட்டது போல. நாலாவது கொக்கி மாட்டியது.

பிறகு பாய்ந்தான். எப்படிப் பாய்ந்தான் தெரியுமா! மேஸ்திரியின் பின்கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடித்தான். சுத்தியல் எங்கேயோ பறந்தது. அவர் முகத்தைப் பலகையில் மோதினான், திரும்பத் திரும்ப மோதினான், மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் போகிறவரை மோதினான். காதைக் கடித்தான். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்துத்தான் அவனைப் பிரிக்க முடிந்தது. இந்த ஆவேசம் பன்னிரண்டு நொடிக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா, பாவி!

ஆம்புலன்சில் சின்னவனின் கையை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். துணி வெள்ளையாக இருந்தது ஒரு நிமிஷம்தான். முழங்காலுக்குக் கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். நினைவு இருந்தது அவனுக்கு. போயிருக்கலாம், போகவில்லை.

"கிட்டார்?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. பத்திரமா இருக்குடா."

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு வெளுத்திருந்தது. "கேட்டுச்சுண்ணே" என்றான். "நீ கொக்கி மாட்டுறது. நாலும் கேட்டுச்சு."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவன். கிட்டார் பிழைத்தது என்பதைத்தான் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பெண்மணி. சுற்றி வளைக்காமல் சொன்னார். "கட்டைவிரலும் சுட்டுவிரலும் காப்பாத்திடலாம். மத்த மூணையும் எடுத்தாகணும். உள்ளங்கை எலும்பு பொடியாயிருக்கு. என்ன வேலை பாக்குறார்?" பெரியவன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். மேஸ்திரியின் நச்சரிப்பு தாங்காமல் அக்கா போனை அணைத்தே வைத்திருந்தாள், நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஏன் தூக்கிக்கொண்டு போனான் என்று அவனுக்கே தெரியாது.

தையல் கடைக்கு மேலே அக்கா படியிலேயே நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்த்துவிட்டாள். பிடுங்கிக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தை ஒரு கண்ணை மூடி நோட்டம் விட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஒரு கீறல் இல்லடா! தங்கம்டா நீ! நாளைக்குக் கொடுத்துட்டு வந்து உங்க ரெண்டு பேருக்கும்..." அவன் சட்டையில் ஈரம் தட்டுப்பட்டது. கையை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு. "சின்னவன் எங்க?"

சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, அந்த மட்டுக்கும் ஒரு நேர்மை. சுத்தியலைச் சொன்னான், முழங்காலைச் சொன்னான், மூன்று விரலைச் சொன்னான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் கூப்பிட்டப்ப இது எங்க இருந்துச்சு?"

"என் தோள்லக்கா."

"தோள்லயா?"

அவள் கிட்டாரை எடுத்துக் கழுத்தைப் பிடித்து அவன் கையில் வைத்தாள். உடம்பு மேலாக, கோடாலியைக் கொடுப்பது போல. "தூக்கு. தூக்குடா! எவ்வளவு கனம் இருக்கு? உள்ள எஃகு வச்சிருக்கேன்டா நான். இதால ஒரு அடி, ஒரே ஒரு அடி அவன் மண்டையில போட்டிருந்தா அங்கயே விழுந்திருப்பான். உன் கையிலயே இருந்துச்சேடா!"

"நீதானக்கா, உசுரே இதுலதான் இருக்குன்னு..."

அறைந்தாள். பதினொரு வருஷம் வாங்கிய கை, முதல்தடவையாக ஒருத்தரை அடித்தது. மறுபடியும் அறைந்தாள். அவன் கிட்டாரைப் பிடித்தபடி வாங்கிக்கொண்டு நின்றான்.

"ஒடைச்சிட்டு வந்திருந்தா இன்னொண்ணு செஞ்சிருப்பேன்டா. வேலை போனா நாலு வீட்டுல பாத்திரம் தேச்சிருப்பேன். மரம்டா இது! வெறும் மரம்!" குரல் உடைந்தது. "நான் உசுருன்னு சொன்னா, உசுருன்னே நெனச்சிட்டியாடா?"

செருப்பை மாட்டிக்கொண்டாள். "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். சொன்னான். அவனும் கிளம்பினான். வாசலில் திரும்பி நின்று கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ வராத. கண்ணு முழிச்சதும் அவன் உன்னத்தான் கேப்பான். பாத்ததும் மன்னிச்சும் விட்டுருவான், அவன் புத்தி அப்படி. அத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

படி இறங்கிப் போனாள். கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.